பேரில் டெல்லி... ஊரோ நெல்லை! 400 படங்களைத் தாண்டிய 'அப்பா' நடிகரின் கதை

பஸ்ஸில் உட்கார்ந்தவுடன் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து, "இவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே!" என்று தோன்றும் இல்லையா? பாங்கிக் கவுண்டரில் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சலானைப் பார்க்கும் குமாஸ்தா. ரேஷன் கடைக் கியூவில் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் பெரியவர். கல்யாண வீட்டு வாசலில் "வாங்கோ, வாங்கோ" என்று வரவேற்கும் மாமா. அப்படி ஒரு முகம்!

அந்த முகத்தையே முதலாகப் போட்டு 47 வருஷம் படவுலகில் தொழில் நடத்தியவர் டெல்லி கணேஷ். 400 படங்களுக்கு மேல் நடித்துவிட்டு, 2024 நவம்பர் 9-ந் தேதி இரவு, சென்னை ராமாபுரம் வீட்டில் காலமானார். வயது 80.

கதாநாயகனுக்குக் கட்-அவுட் வைப்பார்கள். பால் ஊற்றுவார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு மேளம் கொட்டுவார்கள். அப்பா வேஷக்காரருக்கு யார் கொட்டுவார்கள்? ஆனால் டெல்லி கணேஷ் திரையில் வந்து நின்றால், "அட, நம்ம ஆளு!" என்று பெஞ்சு டிக்கெட்டில் இருந்து பால்கனி வரைக்கும் ஒரு நிம்மதி பரவும். இவர் சொதப்ப மாட்டார் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் கடைசி வரை மார்க்கெட் விழவில்லை.

இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. இவ்வளவு கெட்டிக்காரரைத் தமிழ்ப் படவுலகம் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டதா? இல்லை, கறிவேப்பிலையாகவே வைத்திருந்ததா?

வெளிமான் ஊர்ப் பிள்ளை

திருநெல்வேலியில் இருந்து தூத்துக்குடி போகும் ரோட்டில் வல்லநாடு என்று ஒரு ஊர். வெளிமான்களுக்குப் பேர் போன குன்று அங்கேதான் இருக்கிறது. கணேசனுக்கு அதுதான் சொந்த ஊர். பிறந்தது 1944 ஆகஸ்டு 1. அன்றைக்கு அது நெல்லை ஜில்லா. இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம்.

1964-ல் இந்திய விமானப் படையில் சேர்ந்தார். தெற்கத்திப் பையன்களுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். மாதம் பிறந்தால் சம்பளம், மூன்று வேளையும் சாப்பாடு, இஸ்திரி போட்ட யூனிபாரம், லீவில் ஊருக்கு வந்தால் தெருவே எட்டிப் பார்க்கும் மரியாதை. பத்து வருஷம் அந்த வேலை. நாடு இரண்டு யுத்தங்களைச் சந்தித்த பத்து வருஷம் அது. 1965-ல் ஒன்று, 1971-ல் ஒன்று.

டெல்லிக்குப் போன இடத்தில்தான் நாடகப் பைத்தியம் பிடித்தது. மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக வடக்கே போன தமிழர்கள் டெல்லியில் ஒரு குட்டித் தமிழ்நாட்டையே நடத்திக்கொண்டிருந்த சமயம். பகலெல்லாம் பைல் கட்டு, குளிர்காலத்தில் ஸ்வெட்டர், சாயந்தரம் ஆனால் தமிழ் நாடகம்! அங்கே இருந்த 'தட்சிண பாரத நாடக சபா' என்ற குழுவில் கணேசன் சேர்ந்தார். மேடையேறினார்.

1974-ல் விமானப் படையை விட்டு வெளியே வந்தார். மேடையை விடவில்லை.

மாதச் சம்பளத்தை விட்டவனைப் பற்றி உறவு ஜனங்கள் என்ன பேசும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதிலும் நாடக நடிகன் என்றால் கேட்கவே வேண்டாம். "நாளைக்கு சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்ற அந்த ஒரு கேள்விக்கே பல பேர் மேடையை மறந்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். 30 வயதில் சென்னை வந்து நின்றவருக்கு அந்தக் கேள்வி பக்கத்திலேயே நின்றிருக்கும்.

ஆறரை மணிக்கு நாடகம்

அன்றைய சென்னையில் சபா நாடகம் என்பது தனி உலகம். மயிலாப்பூர், மாம்பலம், திருவல்லிக்கேணி என்று சபா இல்லாத பேட்டை இல்லை. நடிப்பவர்களும் ஆபீஸ்காரர்கள். பார்ப்பவர்களும் ஆபீஸ்காரர்கள். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால், ஒரு காப்பியைக் குடித்துவிட்டு ஆறரை மணிக்கு மேக்கப்போடு மேடையில் நிற்க வேண்டும். டைரக்டர் கே. பாலசந்தரே அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டு நாடகம் போட்டவர்தான். நாகேஷ் ரயில்வே உத்தியோகஸ்தராக இருந்து வந்தவர். பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வாசித்தவர்.

சபா மேடையில் பெரிய ஜோடனை எல்லாம் கிடையாது. ஒரு சோபா, ஒரு டீப்பாய், பின்னால் ஒரு ஜன்னல் வரைந்த தட்டி. அதிலேயே மூன்று தலைமுறைக் குடும்பக் கதை நடந்துவிடும்! எல்லாம் வசனம்தான். ஒரு நொடி பிந்திச் சொன்னால் சிரிப்பு போச்சு. ஒரு நொடி முந்திச் சொன்னால் எதிராளியின் சிரிப்பும் போச்சு. கடைசி வரிசை நாற்காலிக்காரருக்கும் கேட்க வேண்டும், கத்துவதாகவும் தெரியக் கூடாது. இந்தப் பள்ளிக்கூடத்தில் பாஸ் பண்ணியவர்கள் சினிமாவில் கேமராவைக் கண்டு மிரண்டதில்லை.

கணேசன் போய்ச் சேர்ந்தது காத்தாடி ராமமூர்த்தியின் 'ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்' குழுவில். அந்தக் குழுவுக்கு நாடகம் எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் 'சம்சாரம் அது மின்சாரம்' எடுத்த விசு. அவர் எழுதிய 'பட்டினப்பிரவேசம்' நாடகம்தான் கணேசனின் தலையெழுத்தை மாற்றியது.

நாடகத்தைப் பார்த்த பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். மேடையில் நடித்த கணேசனையும் படத்துக்கு அழைத்துக்கொண்டார். பிழைப்புத் தேடிக் கிராமத்தில் இருந்து பட்டணத்துக்கு வந்து அல்லல்படும் குடும்பத்தின் கதை. படம் வெளிவந்தது 1977-ல்.

பேர் வைப்பதில் பாலசந்தர் ராசிக்காரர் என்று கோடம்பாக்கத்தில் சொல்வார்கள். சிவாஜி ராவை ரஜினிகாந்த் ஆக்கியவர் ஆயிற்றே! ஏற்கெனவே சிவாஜி கணேசன் இருக்கிறார். ஜெமினி கணேசன் இருக்கிறார். மூன்றாவதாக ஒரு கணேசனைக் கொண்டு வந்தால் யார் என்று ஜனங்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? டெல்லியில் இருந்து வந்தவர்தானே... டெல்லி கணேஷ்! அப்புறம் வல்லநாட்டுக்காரருக்கு வாழ்நாள் பூராவும் டெல்லிதான் இனிஷியல்.

ரிக்சாக்காரர் முனியாண்டி

அறிமுகமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு படம் வந்தது. டைரக்டர் துரையின் 'பசி'. 1979.

சென்னைக் குடிசைப் பகுதி. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் பெண் குப்பம்மாவாக ஷோபா. அவளுடைய அப்பா, சைக்கிள் ரிக்சா ஓட்டும் முனியாண்டியாக டெல்லி கணேஷ்.

நினைத்துப் பாருங்கள். நெல்லைச் சீமைக்காரர். அக்கிரகாரத்துப் பேச்சு தெரிந்தவர். டெல்லியில் இருந்தவர். சபாவில் மாமா வேஷம் கட்டியவர். அவர் வாயில் இருந்து மெட்ராஸ் பாஷை வர வேண்டும்! 'இன்னா', 'நாஸ்தா' என்று இரண்டு வார்த்தையைப் போட்டுவிட்டால் மெட்ராஸ் பாஷை ஆகிவிடும் என்று நினைத்துப் பேசி மாட்டிக்கொண்ட நடிகர்கள் எத்தனையோ பேர். அந்தப் பாஷையின் ராகம் வேறு. சொல்லை எங்கே விழுங்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று காது தெரிந்தவனுக்குத்தான் அது வரும். இவருக்கு வந்தது. பனியனும் அழுக்கு லுங்கியுமாக ரிக்சாப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, இவர் விமானப் படையில் யூனிபாரம் போட்டவர் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

'பசி' அந்த வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படமாகத் தேசிய விருது பெற்றது. ஷோபாவுக்குச் சிறந்த நடிகை விருது. டெல்லி கணேசுக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. அடுத்த வருஷம் மே மாதமே ஷோபா போய்விட்டது தமிழ் சினிமாவின் துரதிர்ஷ்டம்.

இப்படி ஒரு படம் கொடுத்தவரை வைத்து இன்னும் நாலு 'பசி' எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 1981-ல் 'எங்கம்மா மகராணி' படத்தில் கதாநாயகன் ஆனார். அதோடு சரி. நெற்றி மேலேறிய ஆளைக் காதல் பாட்டுப் பாட வைக்கத் தயாரிப்பாளர்களுக்குத் தைரியம் இல்லை. 37 வயசிலேயே அப்பா வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அப்பா வேஷத்தின் கணக்கு

குணசித்திர நடிகரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கதாநாயகனுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள். அப்பா, மாமா, வக்கீல், டாக்டர் வேஷங்களுக்கு நாள் கணக்கு. மூன்று நாள் வேலை என்றால் மூன்று நாள் கூலி. ஹீரோவுக்குத் தலைவலி வந்து ஷூட்டிங் ரத்தானால் அப்பாவுக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது! பாதிப் பணம் கையில், மீதிப் பணம் டப்பிங் முடிந்ததும் என்பார்கள். அந்த மீதிக்காக எத்தனை தடவை ஆபீஸ் படி ஏற வேண்டும் என்பது கோடம்பாக்கத்துச் சுவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒரு படத்தை நம்பி உட்கார முடியாது. ஒரே மாதத்தில் நாலைந்து படங்களுக்குத் தேதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு படத்தில் பெண்ணுக்கு வரதட்சணை தேடும் ஏழை அப்பா. மத்தியானம் வேறொரு ப்ளோரில் அந்த வரதட்சணையைக் கேட்கும் சம்பந்தி! வேட்டியை மாற்றினால் ஆளும் மாற வேண்டும்.

அந்த வேஷங்களின் லட்சணமும் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "டாக்டர், என் பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்பது. "என் மானத்தை வாங்கிட்டியேடா!" என்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வது. கிளைமாக்சில் கட்டிப்போட்ட கயிற்றோடு கதாநாயகனைப் பார்த்துக் கண்ணீர் விடுவது. கதாசிரியர் அரை மணி நேரத்தில் எழுதிப் போட்ட வசனம். இதில் ஒரு மனுஷனைக் காட்ட வேண்டுமானால் நடிகன் கையில் இருந்து போட்டால்தான் உண்டு.

டெல்லி கணேஷ் கையில் இருந்து போட்டார். ஒரு செருமல். வாக்கியத்தை முடிக்காமல் முழுங்கிவிடுவது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைப்பது. கதாநாயகன் பேசும்போது அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது. இந்தக் கடைசி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம். தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருப்பவனுக்கும், எதிராளி சொல்வதைக் கேட்பவனுக்கும் உள்ள வித்தியாசம் கேமராவுக்குத் தெரிந்துவிடும்.

மிருதங்கம் இல்லாத கச்சேரி

1985-ல் பாலசந்தரின் 'சிந்து பைரவி'. சங்கீத வித்வான் ஜே.கே.பி.யாக சிவகுமார். அவருக்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ். கை நிறைய வித்தை, வாய் நிறைய மது வாடை.

கச்சேரி மேடைக்குக் குடித்துவிட்டு வந்தவரை ஜே.கே.பி. வெளியே அனுப்பிவிட்டு, மிருதங்கமே இல்லாமல் கச்சேரி நடத்துவார். அவமானப்பட்டு நிற்கும் அந்த வித்வானின் முகம் இருக்கிறதே... அழுதால் பரிதாபம் வந்துவிடும், கோபப்பட்டால் நியாயம் போய்விடும். இரண்டும் இல்லாமல், தப்புத் தன் மேல்தான் என்று தெரிந்த மனுஷன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். பிற்பாடு அதே ஜே.கே.பி. குடியில் விழும்போது அந்த முதல் காட்சிக்கு இரட்டை மடங்கு வலு வந்துவிடுகிறது. சிவகுமார், சுகாசினி, இளையராஜா இசை என்று ஊரே பேசியது. நியாயம்தான். ஆனால் குருமூர்த்தி சரியாக அமையாவிட்டால் ஜே.கே.பி.யின் வீழ்ச்சிக்கு ஏது அர்த்தம்?

கமல் கூட்டணி

டெல்லி கணேஷின் அருமையைத் திரும்பத் திரும்பப் புரிந்துகொண்டு பயன்படுத்தியவர் என்றால் கமல்ஹாசனைத்தான் சொல்ல வேண்டும்.

1987-ல் மணிரத்னத்தின் 'நாயகன்'. பம்பாய் தாராவியில் வேலு நாயக்கரின் கூடவே இருக்கும் ஐயர். நாயக்கருக்கு ஹிந்தி தெரியாது. ஐயர்தான் வாய். டெல்லித் தண்ணீர் குடித்தவருக்கு ஹிந்தி சொல்லித் தரவா வேண்டும்!

இரண்டு வருஷம் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்'. அதில் நாலு வில்லன்கள். நாகேஷ், ஜெய்சங்கர், நாசர், டெல்லி கணேஷ். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜனங்களைச் சிரிக்க வைத்தவர் ஒருவர். 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' ஒருவர். எல்லார் வீட்டு அப்பா ஒருவர். மீசையை முறுக்கும் வழக்கமான வில்லன் ஆட்களை விட்டுவிட்டு, நம்பிக்கையான முகங்களாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள்! இன்ஸ்பெக்டரைக் கொன்று, கர்ப்பிணி மனைவிக்கு விஷம் கொடுக்கும் கும்பலில் இந்த மாமாவும் இருக்கிறாரே என்று பார்த்தவர்களுக்குப் பகீர் என்றது.

பிரான்சிஸ் அன்பரசு என்ற அந்த வேஷத்தின் முடிவும் மறக்க முடியாதது. குள்ள அப்பு சர்க்கஸ் சாமான்களை வைத்து ஒரு பொறி செய்திருப்பார். ஒன்று உருண்டு இன்னொன்றைத் தட்டி, அது மற்றொன்றைத் தூக்கி, கடைசியில் அம்பு பாயும். வேலை எல்லாம் பொறிக்குத்தான். ஆனால் பயம் ஜனங்களுக்கு வருவது யார் முகத்தைப் பார்த்து?

1990-ல் 'மைக்கேல் மதன காமராஜன்'. இங்கேதான் டெல்லி கணேஷ் கொடி கட்டினார். பாலக்காட்டு மணி ஐயர். சமையல்காரர். சமையல்காரன் காமேஸ்வரனாக வரும் கமலுக்கு அப்பா.

பாலக்காட்டுத் தமிழ் என்பது லேசான சமாச்சாரம் இல்லை. தமிழும் மலையாளமும் கைகோத்து நடக்கும். கொஞ்சம் கூடினால் மிமிக்ரி ஆகிவிடும். கொஞ்சம் குறைந்தால் மயிலாப்பூர் ஆகிவிடும். எழுதியவர் கிரேசி மோகன். அவருடைய வசனம் மெயில் வண்டி மாதிரி நிற்காமல் ஓடும். அந்த வேகத்திலும் பாலக்காடு கலையாமல் இரண்டு பேரும் பேசினார்கள். கல்யாணச் சமையலில் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை இன்றைக்கும் டி.வி.யில் போட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போக மனசு வராது. கமல் நாலு வேஷத்தில் வந்த படம் அது. நாலு கமலுக்கு நடுவிலும் இந்த ஒரு சமையல்கார ஐயர் தனியாகத் தெரிந்தார் என்றால் சும்மாவா!

அந்த வேஷம் அவரை விடவும் இல்லை. 1997-ல் வந்த 'ஆஹா' படத்திலும் அவர் சமையல்காரர்தான். கதாநாயகியின் அப்பா.

1996-ல் 'அவ்வை சண்முகி'. ஜெமினி கணேசன் பணக்கார ஐயர். அவரிடம் வேலை பார்க்கும் சேதுராம ஐயர் டெல்லி கணேஷ். பேர் குழப்பம் வரக் கூடாது என்று பாலசந்தர் பேர் மாற்றி வைத்தாரே, அந்தக் கணேசனும் இந்தக் கணேசும் ஒரே வீட்டில்! 2000-ல் 'தெனாலி'. இன்னொரு டாக்டரின் பேரும் புகழும் பொறுக்காமல் வெந்துபோகும் டாக்டர் பஞ்சபூதம். பொறாமையை வைத்துத் தியேட்டரையே சிரிக்க வைத்தார்.

நடுவில் கலைமாமணி விருதும் வந்தது. வேறு பெரிய மாலை எதுவும் தேடி வரவில்லை.

சின்னத்திரையும் செல்போன் திரையும்

சென்னையில் டி.வி. நிலையம் வந்தது 1975 ஆகஸ்டு 15-ல். தெருவுக்கு ஒரு வீட்டில் டி.வி. இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் படம் போட்டால் அந்த வீட்டு ஹாலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் வந்து, தினம் ஒரு தொடர் என்று ஆனபோது, சபாவில் பயின்றவர்களுக்கு மறு வாழ்வு வந்தது. காரணம் சுலபம். தொடர் என்றால் பக்கம் பக்கமாக வசனம். ஒரு நாளைக்கு இத்தனை காட்சி முடிக்க வேண்டும் என்று கழுத்தைப் பிடிப்பார்கள். பத்து டேக் வாங்குகிற ஆள் அங்கே சரிப்பட மாட்டான். ஒரே மூச்சில் பேசி முடிப்பவர்தான் வேண்டும்.

டெல்லி கணேஷ் அந்தத் திரையிலும் அப்பா, தாத்தா என்று வலம் வந்தார். சினிமாக் கொட்டகைக்கே போகாத பாட்டிமார்களும் அவரை உறவுக்காரர் மாதிரி விசாரிக்க ஆரம்பித்தது இந்தச் சின்னத்திரையால்தான். போதாததற்கு, ஏதாவது ஒரு சேனலில் ஏதாவது ஒரு பழைய படம் ஓடிக்கொண்டே இருக்கும். பத்துப் படத்துக்கு ஒன்றிலாவது இவர் இருப்பார்.

வயசானவர்களுக்குப் புதுசைக் கண்டால் பயம் என்பார்கள். இவருக்கு அது கிடையாது. இன்டர்நெட்டில் இளவட்டங்கள் சிரிப்புப் படம் எடுக்கக் கிளம்பியபோது அதிலும் போய் நின்றார். 'பேட்மேன் சென்னைக்காரனாக இருந்தால்' என்று ஒரு கலாட்டாப் படம். அதில் பேட்மேன் வீட்டுப் பெரியவர் ஆல்பிரட்டாக டெல்லி கணேஷ்! முப்பது வருஷ அனுபவம் எனக்கு, இந்தப் பொடிப் பசங்களோடு நடிப்பதா என்ற பந்தா இல்லை.

பெற்ற பிள்ளைக்காகத் தயாரிப்பாளராகவும் ஆனார். மகன் மகாவைக் கதாநாயகனாகப் போட்டு 2016-ல் 'என்னுள் ஆயிரம்' படம் எடுத்தார். அப்பா வேஷம் போட்டே சம்பாதித்தவர், அந்தப் பணத்தை நிஜ அப்பாவாகச் செலவு செய்தார்.

2018-ல் 'இரும்புத்திரை'. ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுத் தலைகுனிந்து நிற்கும் கிராமத்து அப்பா. அவரைக் கண்டாலே ஆகாத ராணுவ மேஜர் மகனாக விஷால். பாங்கிக் கணக்கில் இருக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாத திருடனால் பறிபோகும் காலத்துக் கதை. செல்போனில் ஓ.டி.பி. கேட்டு ஏமாந்தவர்கள் அந்த அப்பாவின் முழியைப் பார்த்துத் தங்கள் முழியையே பார்த்தார்கள்.

கவிழ்ந்த பாயசம்

இத்தனைக்கும் மேலே ஒன்று. 77 வயதில் அவர் செய்தது.

கொரோனா வந்து கோடம்பாக்கம் இழுத்து மூடிக் கிடந்த காலம். தினக் கூலியை நம்பியிருந்த சினிமாத் தொழிலாளர்கள் தவித்துப் போனார்கள். அவர்களுக்கு உதவி நிதி திரட்ட மணிரத்னமும் ஜெயேந்திராவும் 'நவரசா' என்று ஒன்பது குறும்படங்களைத் தயாரித்தார்கள். நடிகர்களும் டைரக்டர்களும் சம்பளம் வாங்காமல் வேலை செய்தார்கள். 2021 ஆகஸ்டில் நெட்பிளிக்சில் வெளியாயிற்று.

அதில் ஒன்று 'பாயசம்'. தி. ஜானகிராமனின் சிறுகதை. டைரக்ட் செய்தவர் வஸந்த். அவரும் பாலசந்தர் பட்டறைதான். ஒன்பது ரசங்களில் அருவருப்பு அந்தப் படத்துக்கு வந்தது. கதாநாயகன் டெல்லி கணேஷ்!

காவிரிக் கரைப் பக்கத்து ஊர். சாமநாது என்று ஒரு கிழவர். அண்ணன் மகன் சுப்பராயன் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்து, பணக்காரனாகி, ஊரே மெச்சும்படி இருக்கிறான். மரியாதைக்கும் குறைச்சல் வைக்கவில்லை. கிழவருக்கு அதுதான் தாங்கவில்லை. தன் வீட்டிலோ கைம்பெண்ணாக ஒரு மகள். செத்துப்போன மனைவி வாலாம்பாள் மட்டும் அவர் மனசுக்குள் வந்து பேசிக்கொண்டிருக்கிறாள். சுப்பராயன் வீட்டில் கல்யாணம். கொல்லையில் பெரிய அண்டாவில் பாயசம். யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்த அண்டாவைக் கவிழ்த்துவிடுகிறார். ஓடி வந்தவர்களிடம், உள்ளே எலி விழுந்து கிடந்தது, அதனால்தான் கொட்டினேன் என்று ஒரு பொய்!

சமையல்கார மணி ஐயராக எத்தனையோ கல்யாணங்களுக்குச் சமைத்தவர், இங்கே கல்யாணப் பாயசத்தைத் தரையில் விட்டார். 'தெனாலி'யில் பொறாமையை வைத்துச் சிரிப்பு வாங்கியவர், அதே பொறாமையை இங்கே பச்சையாகக் காட்டினார். பார்க்கவே கூசும். அடுத்தவன் நல்லா இருந்தால் வயிறு எரிகிற அந்த ஒரு நிமிஷம் எல்லார் வீட்டிலும் வந்து போவதுதான். அதை ஒளிக்காமல் முகத்தில் கொண்டுவர வேண்டுமானால் நடிகனுக்குத் தன் மேல் அக்கறை இருக்கக் கூடாது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கக் கூடாது.

ரோகிணி மனைவியாகவும், அதிதி பாலன் மகளாகவும் நடித்தார்கள். விஷயத்தைப் புரிந்துகொண்டு மகள் பார்க்கிற பார்வையைக் கிழவரால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் டெல்லி கணேஷ் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

அரை மணி நேரப் படம். இதைப் பார்த்த பிறகுதான் பல பேருக்கு உறைத்தது. இந்த மனுஷனை இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைத்துவிட்டார்களே! 'பசி'க்கும் 'பாயச'த்துக்கும் நடுவில் 42 வருஷம். அந்த 42 வருஷத்தில் முழுக்க முழுக்க அவரை நம்பி எழுதிய கதைகளை எண்ண ஒரு கை விரலே அதிகம். படவுலகத்தில் திறமைக்குப் பஞ்சம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

கடைசி வரிசை

அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தது. அதிலும் இருந்தார். அடுத்த நாலாவது மாதம் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

ராமாபுரம் வீட்டுக்குத் திரையுலகப் பிரமுகர்கள் வந்தார்கள். நாடகக்காரர்கள் வந்தார்கள். பேட்டைக்காரர்களும் வந்தார்கள். மாலை போட்டவர்களில் இன்னொரு கூட்டமும் இருந்தது. யூனிபாரத்தில் வந்த விமானப் படையினர். வேலையை விட்டுச் சரியாக 50 வருஷம் ஆகியிருந்தது. தங்கள் ஆளை மறக்காமல் வந்து மரியாதை செலுத்தினார்கள். நவம்பர் 11-ந் தேதி நெசப்பாக்கம் மயானத்தில் தகனம் நடந்தது.